ஓடி ஓய்ந்த ராட்டினங்கள்

அமெரிக்காவில் பிளாரிடா மாகாணத்து டிஸ்னி பூங்காவில் 'ஸ்பிளாஷ் மவுண்டன்' என்று ஒரு விளையாட்டு இருந்தது. மரக்கட்டையைக் குடைந்தது போன்ற படகில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். பொம்மைகள் ஆடிப் பாடும் குகைகளின் வழியே படகு மிதந்து போகும். கடைசியில் செங்குத்தான சரிவில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு விழும். 2023 ஜனவரியில் அதை மூடினார்கள். மூடிய கையோடு, அந்த ஓடையில் ஓடிய தண்ணீர் என்று சொல்லி, சிலர் ஜாடியில் அடைத்து இணையத்தில் விலை கூற ஆரம்பித்துவிட்டார்கள்.

செய்தியைப் படித்ததும் சிரிப்பு வருகிறது. ஆனால் காசித் தீர்த்தத்தைச் செம்பில் அடைத்துப் பூஜை அலமாரியில் வைத்திருக்கும் நமக்குச் சிரிக்க அதிக உரிமை இல்லை. கண்ணெதிரே போய்க்கொண்டிருப்பதில் ஒரு துளியையாவது பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மனித சுபாவம். அந்த ஆசையில் குறை காண நான் வரவில்லை. எதை வைத்துக்கொள்கிறோம், எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்கிறேன்.

இந்தப் பூங்காக்களில் உள்ள பொம்மைகளையும் வண்டிகளையும் நின்று நிதானமாகப் பார்ப்பதற்காக யாரும் செய்யவில்லை. அரை இருட்டில், ஓடும் வண்டியிலிருந்து, மூன்று நான்கு விநாடி கண்ணில் பட்டு மறைவதற்காகச் செய்தார்கள். அதற்குள் பார்ப்பவனுக்குச் சிரிப்போ பயமோ வந்துவிட வேண்டும். செய்தவனுடைய திறமை எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பீடத்தில் வைத்தால் ரப்பரும் தகரமும் வர்ணப் பூச்சும்தான் தெரியும். தெருக்கூத்து ராஜாவின் கிரீடத்தை மறுநாள் காலை வெயிலில் பார்த்தவர்களுக்கு இது புரியும். கிரீடம் அதே கிரீடம்தான். அதற்கு உரிய இரவு போய்விட்டது.

அதனால் காப்பாற்றவே வேண்டாம் என்று சொல்லலாமா? அப்படி நினைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் சரித்திரத்தில் இருக்கிறது. நியூயார்க் நகரத்தின் கோனி ஐலண்டில் 1897-ல் ஜார்ஜ் டில்யூ என்பவர் 'ஸ்டீபிள்சேஸ்' என்ற பூங்காவைத் திறந்தார். மரக் குதிரைகள் தண்டவாளத்தில் சரிந்து பந்தயம் ஓடுவதுதான் அங்கே விசேஷம். ஒரு குதிரையில் இருவர் சேர்ந்து உட்காரலாம் என்பதால் இளம் ஜோடிகளுக்கு அதில் தனிப் பிரியம். 1964-ல் பூங்கா மூடப்பட்டது. இடத்தை வாங்கிய பிரெட் டிரம்ப் 1966-ல் இடிப்பதற்கென்றே ஒரு விருந்து வைத்தார். வந்தவர்கள் கையில் செங்கல்லைக் கொடுத்து, கண்ணாடி முகப்பின்மீது எறியச் சொன்னார். இரண்டு மூன்று தலைமுறைகள் சிரித்துவிட்டுப் போன இடத்துக்குக் கடைசி மரியாதை அது! ஜாடித் தண்ணீர்க்காரனை இந்த விருந்தோடு ஒப்பிட்டால், அவன்மீது எனக்கு மதிப்பே உண்டாகிறது.

அடுத்தது ஏலம். டிஸ்னிலாண்டிலிருந்து வெளியே வந்த சாமான்களைப் பல வருஷங்களாகச் சேர்த்த ஒருவர், 2018 ஆகஸ்டில் அவற்றை லாஸ் ஏஞ்சல்ஸில் ஏலம் விட்டார். மொத்தம் 80 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. டம்போ என்ற பறக்கும் யானைக்குட்டியின் வடிவில் செய்த வண்டி ஒன்று மட்டும் 4 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்வேன். அவரைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் இவற்றில் பாதி குப்பைக்குப் போயிருக்கும். ஏலத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் ஜனங்கள் இலவசமாகப் பார்க்கும்படி அவர் வைத்தார் என்பதும் பெரிய குணம். ஆனால் ஏலம் முடிந்ததும் என்ன ஆயிற்று? ஒன்றாக இருந்தவை நூறு வீடுகளுக்குச் சிதறிப் போயின. கொடுத்த விலையிலும் முக்கால் பங்கு கம்பெனியின் பெயருக்கு. யானைக்குட்டியின் காதை வளைத்த கைக்கு அதில் பங்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வழி, பழையதைப் புதியதற்குள் குடிவைப்பது. டிஸ்னிலாண்டில் 1974 முதல் 1988 வரை 'அமெரிக்கா சிங்ஸ்' என்ற நிகழ்ச்சி நடந்தது. பறவையும் விலங்குமாக இயந்திரப் பொம்மைகள் பாடும். அவற்றில் இரண்டு வாத்துகளை எடுத்துத் தோலை உரித்து, 1987-ல் தொடங்கிய 'ஸ்டார் டூர்ஸ்' என்ற விண்வெளி விளையாட்டில் இயந்திர மனிதர்களாக நிறுத்தினார்கள். மிச்சத்தில் பெரும்பாலானவை 1989-ல் கலிபோர்னியாவில் திறந்த இன்னொரு ஸ்பிளாஷ் மவுண்டனுக்குக் குடிபோயின. செலவைக் குறைக்கச் செய்த காரியம்தான். இருந்தாலும் பொம்மைக்கு அதன் தொழில் மிஞ்சியது. இன்னோர் உதாரணம் எனக்கு அதைவிடப் பிடிக்கும். 2001-ல் மூடிய கரடிப் பாட்டுக் கச்சேரியில், சுவரில் மாட்டியிருந்தபடியே பேசுகிற மூன்று விலங்குத் தலைகள் உண்டு. அதே இடத்தில் 2003-ல் 'வின்னி தி பூ' கதை விளையாட்டு வந்தபோது, போகிறவர்களின் முதுகுப் பக்கத்தில், இருட்டில் அந்தத் தலைகளை மாட்டி வைத்தார்கள். திரும்பிப் பார்க்கத் தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும். பழைய நண்பனை விசாரிப்பதற்கு இதைவிட நாகரிகமான முறை இல்லை.

இந்த வழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்பிளாஷ் மவுண்டனின் கதை 1946-ல் வந்த 'சாங் ஆஃப் தி சவுத்' என்ற படத்திலிருந்து எடுத்தது. அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் கறுப்பு இன மக்கள் பட்ட துயரத்தைப் பூசி மெழுகிவிட்ட படம் என்று அப்போதே கண்டனம் எழுந்தது. 2023-ல் இரண்டு இடங்களிலும் அதை மூடி, 2024-ல் டியானா என்ற கறுப்பு இளவரசியின் கதையை வைத்தார்கள். மாற்றியது சரி என்பதே என் அபிப்பிராயம். அதற்காகப் பழைய முயலையும் நரியையும் ஒளித்து வைப்பது சரியாகாது. ஏன் மூடினார்கள் என்று ஒரு வார்த்தை எழுதாமல் அழகுப் பொருளாகக் காட்டுவதும் சரியாகாது. ஆசையோடு வைத்துக்கொள்கிற பொருளானாலும் உண்மையோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் உயர்வாக நான் வைப்பது ஒரு குடை ராட்டினத்தை. 'எல் டொராடோ' என்று அதற்குப் பெயர். 1907-ல் ஜெர்மனியில் ஹூகோ ஹாஸே செய்தது. சுழலும் தட்டுகள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம். பிறகு கோனி ஐலண்டுக்குப் போய், செங்கல் வீசி உடைத்த அதே ஸ்டீபிள்சேஸ் பூங்காவில் வெகுகாலம் சுற்றியது. பூங்கா மூடியபின் ஜப்பானியர்கள் வாங்கினார்கள். 1971 முதல் 2020 ஆகஸ்டு 31 வரை, டோக்கியோவின் தோஷிமாயென் பூங்காவில், குழந்தைகளைச் சுமந்துகொண்டு அது சுற்றியது. அந்தப் பூங்காவும் மூடியபோது பிரித்துக் கிடங்குக்கு அனுப்பினார்கள். கொலுப் பொம்மை வருஷத்தில் ஒன்பது நாளாவது படியேற வேண்டும். அப்படித்தான் மரக் குதிரைக்கும். மேலே ஒரு குழந்தை உட்கார்ந்தால்தான் அது குதிரை.

எல்லா ராட்டினத்தையும் இப்படிச் சுற்ற வைக்க முடியாது என்பது எனக்கும் தெரிகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், பக்கத்தில் நாலு வரியாவது எழுதி வையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இதைச் செதுக்கியவர் யார்? எந்த வளைவில், எந்த விளக்கின் கீழ் நின்றது? அப்போது என்ன சத்தம் கேட்டது? ஏன் மூடினார்கள்? வர்ணம் பூசியவர்களும் விசையைப் பிடித்து ஓட்டியவர்களும் உயிரோடு இருக்கும்போதே இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பொம்மை கிடங்கில் காத்துக் கிடக்கும். அவர்களால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.