ரெண்டு நெட்டு, ஒரு கம்ப்யூட்டர்

“நெட்டு இருக்குன்னுதான் காட்டுது, சைட்டு மட்டும் திறக்க மாட்டேங்குது.” கூமாப்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் உறவுக்கார அக்கா அடிக்கடி சொல்வது இது. 2025-ல் ரீல்ஸ் வழியாக ஊரின் பெயர் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஆனால் கடையில் உட்கார்ந்து வருமானச் சான்றுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் விண்ணப்பம் ஏற்றிக் கொடுப்பவருக்கு வேண்டியது கடைசித் தேதி மாலையில் அறுந்துபோகாத ஒரு இணைப்பு. ஃபைபர் லைன் தென்னந்தோப்புகளுக்கு நடுவே கம்பம் கம்பமாக வருகிறது. காற்றுக் காலத்தில் ஒரு மட்டை விழுந்தால் போதும்.

அந்தக் கடையின் டெஸ்க்டாப்பில் என்எம்சிஎல்ஐ என்ற கருவியை வைத்துப் பார்த்தேன். லினக்ஸில் இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜரை டெர்மினலிலிருந்து இயக்கும் கட்டளை இது. நெட்வொர்க்மேனேஜர் 2004-ல் ரெட் ஹாட் தொடங்கிய திட்டம். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் என்று பெரும்பாலான லினக்ஸ் டெஸ்க்டாப்களில் ஏற்கெனவே இருக்கிறது, காசு கிடையாது. கடையில் இருப்பது டெபியன் 12. ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஃபைபர் ரவுட்டரோடு பேசுகிறது. அவசரத்துக்கு ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி டெதரிங்.

முதலில் பிடித்துப்போனது, சாதனம் வேறு, இணைப்பு வேறு என்று இந்தக் கருவி பிரித்து வைத்திருப்பது. கிணற்று மோட்டார் ஒன்றுதான். தண்ணீரை எந்த வாய்க்காலில் திருப்புவது என்பது தனி முடிவு. டாங்கிள் சாதனம், “கடை ஃபைபர்”, “அக்கா போன்” என்று நாம் பெயர் வைத்துச் சேமிப்பவை இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை எண், தானாகச் சேர வேண்டுமா, டேட்டா அளந்து செலவழிக்க வேண்டியதா என்று ஒரே ஒருமுறை எழுதி வைத்துவிடலாம். டாஸ்க்பாரில் இருக்கும் வைஃபை படத்தை ஒவ்வொரு முறையும் சொடுக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

உண்மையான சோதனை, இரண்டு இணைப்பும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும்போதுதான். கேபிளில் செருகிய போனை லினக்ஸ் ஈதர்நெட் என்றே எடுத்துக்கொள்கிறது. நெட்வொர்க்மேனேஜரின் கணக்கில் ஈதர்நெட்டுக்கு வழி எண் 100, வைஃபைக்கு 600. எண் குறைவாக இருப்பதற்கே முதலிடம். ஆக, ஃபைபர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் போனைச் செருகிய கணமே எல்லாப் போக்குவரத்தும் போன் டேட்டாவுக்குத் தாவிவிடும். அன்றைய டேட்டா மதியத்துக்குள் காலியாகும், ஏன் என்றும் புரியாது. போன் இணைப்பின் வழி எண்ணை 700 ஆக்கியதும் சரியானது. ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் பாதிப் போக்குவரத்து பழைய வழியிலேயே போகும்.

அடுத்து, அக்கா சொன்ன அந்த வாக்கியம். ரவுட்டர் வரை வைஃபை நன்றாக இருக்கும், ரவுட்டருக்கு அப்பால் லைன் அறுந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க நெட்வொர்க்மேனேஜரிடம் ஒரு சோதனை உண்டு. குறிப்பிட்ட முகவரி ஒன்றைத் தொட்டுப் பார்த்து, முழு இணையம், வரையறுக்கப்பட்டது, உள்நுழைவுப் பக்கம் கேட்கிறது, ஒன்றுமில்லை என்று பிரித்துச் சொல்லும். இணையம் இல்லாத சாதனத்தின் வழி எண்ணோடு 20000 கூட்டிவிடும். உடனே போக்குவரத்து போனுக்கு மாறிவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் டெபியனில் இந்தச் சோதனைக்கான அமைப்பு தனிப் பொதியாக வருகிறது, தேடி நிறுவ வேண்டும். தவிர, இயல்பான இடைவெளி 300 நொடி. விண்ணப்பப் பக்கம் பாதியில் நிற்கும்போது ஐந்து நிமிடம் என்பது மிக நீளம். நான் 60 நொடியாகக் குறைத்தேன்.

டேட்டாவை அளந்து செலவழிக்கும் அமைப்பும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆண்ட்ராய்டு போன் தருகிற குறிப்பைப் பார்த்து நெட்வொர்க்மேனேஜர் பெரும்பாலும் தானாகவே ஊகித்துவிடுகிறது. நாமே உறுதியாக எழுதி வைப்பது நல்லது. அப்படி எழுதினால் டெபியனின் தானியங்கி அப்டேட் போன் டேட்டாவில் பொதிகளை இறக்காது. பிரவுசர் இதைக் கண்டுகொள்வதில்லை. தானாக ஓடும் வீடியோவை நாம்தான் நிறுத்த வேண்டும்.

குறைகளும் உண்டு. முன்னுரிமை எண், இணைப்பைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் மட்டுமே பார்க்கப்படும். டாங்கிள் ஒருமுறை போன் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்துவிட்டால், கடை வைஃபை திரும்பி வந்தாலும் தானாக அங்கே போகாது. அதனால்தான் ஹாட்ஸ்பாட்டை விட்டுக் கேபிளுக்கு மாறினேன். இன்னொன்று, கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்து அடித்தால் டெர்மினல் வரலாற்றில் அப்படியே தங்கிவிடும். பலர் வந்துபோகிற கடையில் இது ஆபத்து. ‘ஆஸ்க்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு இது தங்கமான கருவி. சுருக்க வடிவில் விடை கேட்டால் புலங்களை முக்காற்புள்ளியால் பிரித்துத் தருகிறது. ரவுட்டர் முகவரியிலும் முக்காற்புள்ளி வருவதால் அதன் முன் ஒரு பின்சாய்கோடு சேர்க்கிறது; பிரித்தெடுக்கும் நிரலில் இதைக் கவனிக்க வேண்டும். தோல்வியின் காரணமும் எண்ணாகவே கிடைக்கிறது: நேரம் கடந்தால் 3, இணைப்பு சேராவிட்டால் 4, அப்படியொரு இணைப்பே இல்லையென்றால் 10.

விண்டோஸில் இதே வேலைக்கு விஸ்டா காலத்திலிருந்து நெட்ஷ் கட்டளையில் வைஃபைக்கான பிரிவு இருக்கிறது. சேமித்த இணைப்புகளை மாற்றுவதற்குப் போதும். ஆனால் அதன் விடை மனிதர் படிப்பதற்கான உரையாக வருகிறது, நிரல் அதைப் பிரிப்பது கடினம். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து, சுற்றியுள்ள வைஃபைகளைப் பட்டியலிட இருப்பிட அனுமதியும் கேட்கிறது. ரவுட்டர் முகவரிகளை வைத்து நாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் அந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் கிடந்தால், அதில் விண்டோஸோடு வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான்; பழகிப் பார்க்க அதுவே போதும்.

டாங்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. யூஎஸ்பி 3 துளையும் அதில் செருகும் ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும் என்று இன்டெல் 2012-லேயே அறிக்கை வெளியிட்டது. டாங்கிளை சிபியூவின் பின்னாலிருந்து எடுத்து, ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் மேசைமேல் வைத்ததும் சிக்னல் நன்றாகவே கூடியது. எந்தக் கட்டளையாலும் இதைச் செய்ய முடியாது.

கடைசியாகச் செய்த வேலைதான் அக்காவுக்கு அதிகம் பயன்படுகிறது. இணைய நிலை மாறும்போதெல்லாம், டிஸ்பாட்சர் கோப்புறையில் நாம் வைத்த ஸ்கிரிப்டை நெட்வொர்க்மேனேஜர் தானே ஓட்டும். அந்தக் கோப்பு ரூட் பயனருடையதாகவும் மற்றவர்கள் திருத்த முடியாததாகவும் இருக்க வேண்டும். நான் எழுதியது சில வரிகள்தான்: லைன் எப்போது போனது, எப்போது வந்தது என்று தேதி, நேரத்தோடு ஒரு கோப்பில் சேர்க்கிறது. இப்போது லைன்காரருக்குப் போன் போடும்போது “அடிக்கடி கட்டாகுது தம்பி” என்று சொல்வதை அக்கா விட்டுவிட்டார். கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது என்று படித்துக் காட்டுகிறார்.