ஒரே ஒரு கார், யாருக்காக?

2003 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனம் ஏஎம்வி8 வான்டேஜ் என்ற மாதிரிக் காரைக் காட்டியது. வடிவம் அவர்களுடையது. கையால் கட்டிக் கொடுத்தது, திலீப் சாப்ரியா 1993இல் மும்பையில் தொடங்கிய டிசி டிசைன். 2005இல் வான்டேஜ் உற்பத்திக்கே வந்துவிட்டது. ஒற்றைக் கார் கட்டும் தொழிலுக்கு நம் நாட்டில் இதைவிட நல்ல சாட்சி இல்லை என்பேன். தகடு அச்சுகளுக்குக் கோடிகளைக் கொட்டும் முன், வடிவம் சாலையில் எப்படி நிற்கும் என்று பார்த்துவிட முடிகிறது. பெரிய ஆலை தயங்கும் துணிச்சல் சிறிய பட்டறைக்கு வருகிறது.

புதுச்சேரியில் வில்லியனூர்ப் பக்கத்து டிங்கரிங் பட்டறைகளை அறிந்தவர்களுக்கு இந்தக் கைத்திறன் புதிதல்ல. நசுங்கிப்போன கதவை அச்சு எதுவுமின்றி, கண்ணளவிலேயே தட்டி நிமிர்த்துகிறவர் செய்வதும் அதே வேலைதான். அவரை யாரும் வடிவமைப்பாளர் என்பதில்லை. அது எனக்கு வருத்தமே.

ஆனால் மேடையில் நிற்கும் காருக்கு மழை தெரியாது. கதவு இடுக்கில் நீர் கசியுமா, சித்திரை வெயிலில் ஃபைபர் தாங்குமா, பத்து ஆண்டு கழித்து உதிரி பாகம் கிடைக்குமா என்ற கேள்விகள் அங்கே எழுவதே இல்லை. 2004இல் வெளிவந்த ‘தார்ஸன்’ இந்திப் படத்தின் அதிசயக் காரையும் டிசிதான் கட்டியது. உள்ளே இருந்தது டொயோட்டா எம்ஆர்2. படத்துக்கு அது போதும். 2012 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் டிசி காட்டிய அவந்தி அப்படியல்ல. அது விற்பனைக்கு வந்த கார். ரெனோவின் 2 லிட்டர் டர்போ என்ஜினோடு ஓடியது. காசு கொடுத்து வாங்குகிறவர் ஒற்றைக் காரின் அழகை மட்டும் வாங்குவதில்லை. பிரேக்கையும் பழுது பார்ப்பையும் சேர்த்தே வாங்குகிறார். ஒன்றை அழகாகச் செய்யும் திறமையும், நூறை ஒரே தரத்தில் செய்யும் ஒழுங்கும் வெவ்வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவது தானே வரும் என்று நம்புவதுதான் இத்தொழிலின் பெரிய பிழை.

சட்டமும் இறுக்கமானது. உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம் ஒரு வாசலைத் திறந்து வைத்தது: உடல் ஊனமுற்றவர் ஓட்டுவதற்காக வண்டியை மாற்றிக்கொள்ளலாம், பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பின்னர் பெறலாம்.

என் மனம் அந்த வாசலில்தான் நிற்கிறது. பின்சக்கரத்தின் இருபுறமும் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை நம் கிராமத்துச் சாலைகளில் பார்க்கிறோம். அவையும் ஒற்றை வண்டிகளே. ஒருவரின் கால் வலு, கை எட்டும் தூரம், ஊன்றுகோல் வைக்கும் இடம் எல்லாம் பார்த்துச் செய்தால்தான் அவருக்கு உதவும். இன்னொருவர் அதில் ஏறி அமர்ந்தால் பொருந்தாது. டெட்ராய்ட் மேடையைவிட இங்கேதான் ஒற்றைத்தன்மைக்கு உண்மையான காரணம் இருக்கிறது.

இதிலும் குறை உண்டு. வெல்டிங் எவ்வளவு எடை தாங்கும் என்று சோதிக்கப் பட்டறையில் வசதி இல்லை. வளைவில் ஒரு பக்கச் சக்கரம் தூக்கினால் விழுவது ஓட்டுகிறவர். பிள்ளைச்சாவடியில் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இயந்திரவியல் துறை இருக்கிறது. வில்லியனூரிலும் பாகூரிலும் கட்டப்படும் இந்த வண்டிகளின் பற்றவைப்பையும் சமநிலையையும் அங்கே கட்டணமின்றிச் சோதித்துச் சான்று தரலாம். ஒப்புதல் கேட்டு வருகிறவரிடம் போக்குவரத்துத் துறை அந்தச் சான்றையே ஏற்றுக்கொள்ளட்டும்.