குழியா, மேடா?

ஸ்பெயினுக்குப் போய் வந்தவர்கள் இப்போது நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். பார்சிலோனாவில் கௌடியின் தேவாலயம், மாட்ரிட்டில் கால்பந்து மைதானம், ஒரு தட்டு பயேயா. தெற்கே அந்தலூசியா பக்கம் போகவில்லையா என்றால், "வெயில் தாங்காதாம் சார், எல்லாத்துலயும் பன்றிக்கறியாம்" என்கிறார்கள். வேலூரில் பிறந்து வளர்ந்தவர் வெயிலைச் சாக்குச் சொல்வதை என் காதாலேயே கேட்டேன்.

போகிற சிலரும் 2011-ல் வந்த 'ஜிந்தகி நா மிலேகி தோபாரா' படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அங்கே தக்காளித் திருவிழா எங்கே என்று தேடுகிறார்கள். அது நடக்கிற புன்யோல் வலென்சியா பக்கம், இவர்கள் நிற்கிற இடத்திலிருந்து நெடுந்தூரம். அதே படத்தின் 'சென்யோரிதா' பாட்டு எடுத்த அலாஹார் கிராமத்துக்கு வந்து, அதே தெருவில் ஆடி, ரீல்ஸ் எடுத்துக்கொண்டு, அந்த மலைத்தொடரிலேயே இருக்கும் ஹபூகோ என்ற ஊரின் பெயரைக்கூடக் கேட்காமல் திரும்பிவிடுகிறார்கள். பன்றித் தொடையை உப்பிட்டு உலர்த்தும் கலையில் அதற்கு மிஞ்சிய ஊர் ஸ்பெயினில் இல்லை என்பது என் கட்சி. இவர்களை நம்பிப் பயனில்லை என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அடிப்படை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள். அந்தலூசியாவில் எட்டு மாகாணங்கள். ஹாயேனில் கண்ணுக்கெட்டிய தூரமும் ஆலிவ் மரம். பிக்குவால் என்ற ரகத்தின் எண்ணெய் தொண்டையில் லேசாகக் காரும், அது கெட்ட எண்ணெய் அல்ல, நல்லதன் அடையாளம். ஹெரெஸ் பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணில் விளையும் திராட்சையில் ஷெர்ரி. காதிஸில் பொடி இறாலைக் கோதுமை மாவும் கடலை மாவும் கரைத்த கலவையில் போட்டு மெல்லிய அடையாகப் பொரிப்பார்கள். கைவினையில் உப்ரீக்கேவின் தோல் வேலை, கிரனாடாவின் கிதாரும் மரப் பதிப்பும், ஊபேதாவின் பச்சை மண்பாண்டம், கந்தல் துணியைக் கிழித்து நெய்யும் நீஹாரின் விரிப்பு. அவ்வளவுதான் அடிப்படை.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. செவில் நகரின் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த பண்டத்தில் சீரகம் மணக்கும். கத்தரிக்காயை வறுத்து, மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். கரும்பை அந்தக் கடற்கரைக்குக் கொண்டுபோய் நட்டவர்கள் அரபிகள். மாலகாவில் தக்காளியே இல்லாத வெள்ளைக் குளிர்சூப் உண்டு. பாதாம், பூண்டு, பழைய ரொட்டி, எண்ணெய், வினிகர் சேர்த்து அரைத்தது. மிதக்க விடுவது பச்சைத் திராட்சை. பெயர் அஹோப்லாங்கோ. கஸ்பாச்சோ என்றால் தக்காளிச் சாறு என்று நினைப்பவர்கள் ஒன்று யோசிக்க வேண்டும். தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு. அது வருவதற்கு முன்பே ரொட்டியும் பூண்டும் எண்ணெயும் வினிகரும் அங்கே உரலில் இடிபட்டுக்கொண்டுதான் இருந்தன. கோர்தோபாவின் சால்மொரேஹோவில் வெள்ளரியும் கிடையாது, குடைமிளகாயும் கிடையாது. கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும். மேலே தூவுகிற முட்டையையும் கறித்துண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் உங்களுக்கும் எனக்கும் அதுவே போதும்.

சரி, சாப்பாடு முடிந்தது. கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள், நான் சொல்லவந்த விஷயம் சுவரில் இருக்கிறது.

செவிலில் ஆற்றுக்கு அக்கரை த்ரியானா. பல நூற்றாண்டாகக் குயவர் பேட்டை. அங்கே செய்யும் சுவர் ஓட்டுக்கு அசுலெஹோ என்று பெயர். நீல நிறத்துக்கு ஸ்பானிஷில் 'அசூல்' என்பதால் நீல ஓடு என்று பொருள் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. அவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள். அது மெருகிட்ட சிறு கல் என்று பொருள்படும் அரபுச் சொல்லின் வழி வந்தது.

ஓட்டுக்காரனின் தலைவலி ஒன்றே ஒன்றுதான். வண்ணம் என்பது கண்ணாடிக் குழம்பு. செம்பு பச்சை தரும், கோபால்ட் நீலம் தரும், இரும்பு தேன் நிறம் தரும். சூளையில் எல்லாம் உருகும். உருகினால் ஓடும், ஓடினால் பக்கத்து வண்ணத்தோடு கலந்து சேறாகும். கலக்காமல் காப்பது எப்படி? கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையில் செய்தது போல ஒவ்வொரு வண்ணத்தையும் தனி ஓடாகச் சுட்டு, உளியால் வெட்டி, துண்டு துண்டாகச் சேர்க்கலாம். அழகுதான், ஆனால் ஆயுசு போய்விடும்.

ஒரே ஓட்டில் பல வண்ணம் வைக்க இரண்டு வழி கண்டார்கள். ஒன்று குயெர்தா செகா, அதாவது உலர்ந்த கயிறு. மாங்கனீசுப் பொடியை எண்ணெய்ப் பசையில் குழைத்துக் கோடு வரைவார்கள். இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் வெள்ளை. குழம்பு தண்ணீரில் கரைத்தது, கோடு எண்ணெய்ப் பசை, ஒட்டாது. சூளையில் எண்ணெய் எரிந்துபோய், மெருகில்லாத கறுப்புக் கோடு மட்டும் தங்கும். இரண்டாவது அரிஸ்தா. ஈர மண்ணை அச்சில் அழுத்தினால் கோலத்தின் கோடுகள் மேடாக எழும்பும், நடுவே சிறு சிறு பாத்தி. பாத்தியில் வண்ணம் ஊற்றினால் வரப்பு அதைத் தடுக்கும். வயலைப் பார்த்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது விரலை வையுங்கள். குயெர்தா செகாவில் வண்ணம் இரண்டு பக்கமும் தலையணை போல உப்பியிருக்கும், கோடு குழிக்குள் கிடக்கும், நகத்துக்கு வறண்டு தட்டும். அரிஸ்தாவில் கோடுதான் மேடு. வண்ணம் பாத்தியின் ஆழத்தில் தடிமனாகத் தேங்கி அடர்ந்திருக்கும், வரப்பின் உச்சியில் மெலிந்து மண் நிறம் எட்டிப்பார்க்கும். குழியா, மேடா? இந்த ஒரு கேள்வியோடு செவிலில் மூன்று நாள் நடக்கலாம். நான் நடந்திருக்கிறேன். உடன் வந்தவர்கள் இரண்டாம் நாளே பிரிந்து போனார்கள் என்பது வேறு கதை.

பெரிய வீடுகளில் சுவரைத் தொடவிட மாட்டார்கள், தொடவும் கூடாது. காசா தெ பிலாத்தோஸ் மாளிகையில் 1530-களில் போலிதோ சகோதரர்கள் செய்த ஓடுகள் சுவர் சுவராக இருக்கின்றன. எதிரே நின்று பார்க்காதீர்கள். சுவரை ஒட்டி நின்று, வெளிச்சம் வரும் திசையில் பக்கவாட்டாகப் பாருங்கள். ஆயிரம் வரப்பும் ஒரே நேரத்தில் மின்னும். அந்தக் காலத்து ஓடுகளில் சில இடங்களில் புள்ளி வைத்தது போல மூன்று சின்ன வடு இருக்கும். ஊனம் என்று நினைக்காதீர்கள். சூளையில் ஓட்டின் மேல் ஓடு அடுக்கும்போது நடுவே வைத்த முக்காலியின் கால்தடம் அது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்பு ஒரு கை அங்கே இருந்தது என்பதற்கு எனக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

'எல்லாம் மூர்களின் கலை' என்று ஒரே வரியில் முடிக்கும் விமர்சகர்களை நினைத்தால் எரிச்சல் வருகிறது. செவில் அந்த முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து கிறிஸ்தவ அரசின் கைக்குப் போனது 1248-ல். இந்த அரிஸ்தா ஓடுகள் பெருகியது அதற்கு இரண்டரை நூற்றாண்டுக்குப் பின்னால். ஒரே சுவரில் அரபு நட்சத்திரமும் இத்தாலியக் கொடிக்கோலமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எதை யாருக்கு எழுதிக் கொடுப்பது? பைசா நகரத்துக்காரர் பிரான்சிஸ்கோ நிகுலோசோ த்ரியானாவுக்கு வந்து, வழவழப்பான ஓட்டில் தூரிகையால் படமே வரையத் தொடங்கினார். 1504-ல் அவர் செய்த பீடம் அல்காசர் அரண்மனையில் இருக்கிறது. மகா கலைஞர், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கே கோட்டுக்குக் காவல் வேலை போய்விட்டது. 1929 கண்காட்சிக்காகக் கட்டிய பிளாசா தெ எஸ்பான்யாவின் ஓட்டுப் படங்களும் எனக்குச் சுவரொட்டி போலத்தான் தெரிகின்றன. 'ஸ்டார் வார்ஸ்' படம் எடுத்த இடம் என்று கூட்டம் அலைமோதுகிறது. அலைமோதட்டும்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். முதல் தடவை போனபோது தேவாலயத்துக்கு அருகே ஒரு கடையில் 'கைவேலை' என்று எழுதியிருந்த ஆறு ஓடுகள் வாங்கினேன். தங்கும் அறைக்கு வந்து விரலை ஓட்டினால், குழியும் இல்லை மேடும் இல்லை. அச்சடித்த படத்தை ஒட்டிச் சுட்டது. இன்றும் அவை என் வீட்டில் காபி டம்ளருக்கு அடியில் இருக்கின்றன. அன்றிலிருந்து விரலை நம்பித்தான் எல்லாம். ஏகோர்ன் கொட்டை தின்று வளர்ந்த கறுப்புப் பன்றியின் கறி கூட விரலுக்குத் தெரியும். கொழுப்பு கைச்சூட்டிலேயே உருகத் தொடங்கும் என்பார்கள் சாப்பிடுகிறவர்கள். அதைப் பனிக்கட்டிபோலக் குளிரவைத்து, நுரையும் பூவிதழும் சேர்த்துப் பெரிய தட்டின் ஓரத்தில் வைக்கும் நட்சத்திர உணவகங்களைப் பற்றி எனக்குச் சொல்ல மரியாதையான வார்த்தை இல்லை.

கடைசியாக, வீட்டுக்கு ஒன்று வாங்கி வரத்தான் போகிறீர்கள். கோர்தோபா மாகாணத்து லா ரம்ப்லா ஊரின் மண் கூஜா வாங்குங்கள், பொத்திஹோ என்பார்கள். ஒரு வாயில் தண்ணீர் ஊற்றி, மூக்கு போன்ற மறு துவாரத்தை உயர்த்தி, உதடு படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும். நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கள் சட்டையை நனைத்துக்கொள்ளும்போது நீங்கள் அலட்டாமல் குடித்துக் காட்டலாம். கடைக்காரர் பளபளவென்று பூ வரைந்து மெருகிட்டதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். மெருகு மண்ணின் துளையை அடைத்துவிடும். தண்ணீர் கசியாது, கசியாவிட்டால் குளிராது. வெறும் மண்ணைக் கேளுங்கள். மதியம் இரண்டு மணிக்குள் கேளுங்கள், அதற்குமேல் கடையை மூடிவிட்டு அவர் சாப்பிடப் போய்விடுவார்.