முன்னோடி என்னும் பொறி

தாமஸ் கூனின் ‘அறிவியல் புரட்சிகளின் கட்டமைப்பு’ 1962இல் வெளிவந்தது. கோட்பாடு பேசும் தமிழ் வாசகர்கள் ‘பாரடைம்’ என்ற சொல்லை ஒருமுறையாவது பயன்படுத்தியிருப்போம். அந்தச் சொல் நமக்கு வந்தது இந்த நூலிலிருந்துதான். அதன் முன்னுரையில், தன் சிந்தனைக்கு வழி காட்டியவர்களாக அலெக்சாந்தர் கொய்ரேயைச் சொல்லிவிட்டு மேலும் மூன்று பெயர்களைத் தருகிறார் கூன்: எமில் மேயர்சன், எலேன் மெட்ஸ்ஷே, அன்னலீசெ மையர். அறிவியல் சிந்தனையின் அளவுகோல்களே வேறாக இருந்த காலத்தில் அறிவியலாகச் சிந்திப்பது எப்படி இருந்திருக்கும் என்பதைக் காட்டியவர்கள் இவர்கள் என்பது அவர் கருத்து.

நான்கு பேரில் இருவர் பெண்கள். மெட்ஸ்ஷே பிரெஞ்சு யூதர்; வேதியியல் வரலாற்றை எழுதியவர்; நிலையான பல்கலைக்கழகப் பதவி எதுவும் கிடைக்காமலே எழுதியவர். 1944இல் கைது செய்யப்பட்டு ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். திரும்பவில்லை. மற்றவர் மையர், ஜெர்மானியர். தத்துவவாதி, அறிவியல் வரலாற்றாசிரியர். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. ஜெர்மன் அறியாத நான் அவரை வாசித்தது, அவர் இறந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1982இல் ஸ்டீவன் சார்ஜென்ட் மொழிபெயர்த்துத் தொகுத்த ஆங்கில நூலின் வழியாக.

மையரைப் பற்றி எழுத உட்காரும் பெண்ணியவாதிக்கு ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது: ‘மறக்கப்பட்ட முன்னோடி.’ நம் தொகுப்புகள் பலவும் அந்த வாக்கியத்தின் மீதுதான் நிற்கின்றன. ஆனால் மையர் தன் வாழ்நாள் உழைப்பில் பெரும்பகுதியைச் செலவிட்டது ‘முன்னோடி’ என்ற அந்தக் கருத்தைக் கேள்வி கேட்கத்தான். அவரையே அந்தச் சட்டத்துக்குள் மாட்டிச் சுவரில் தொங்கவிடுவதற்கு முன், அவர் சொன்னதைக் கொஞ்சம் கேட்க வேண்டாமா?

தந்தையின் மேசையும் வேறொருத்தியின் வீடும்

1905 நவம்பரில் டூபிங்கனில் பிறந்தார் மையர். தந்தை ஹைன்ரிஷ் மையர் தத்துவப் பேராசிரியர். பின்னாளில் பெர்லினில் பணியாற்றியவர். மகள் இயற்கை அறிவியலும் தத்துவமும் பயின்று, காண்ட்டின் பண்பு சார்ந்த வகைமைகளைப் பற்றிய ஆய்வுக்காக 1930இல் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றார். 1933இல் தந்தை இறந்தார். அவர் முடிக்காமல் விட்டுப்போன பெருநூலின் எஞ்சிய பகுதிகளைப் பதிப்பித்தது மகள்.

அந்த ஆண்டுகளில் ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்ற பெண்ணுக்கு என்ன இருந்தது? பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தகுதியைப் பெறப் பெண் என்பது தடையல்ல என்று பிரஷ்ய அமைச்சகம் சொன்னதே 1920இல்தான். அதையும் சும்மா சொல்லவில்லை. எடித் ஷ்டைன் விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, முறையிட்ட பிறகு சொன்னது. சட்டத்தில் கதவு திறந்து பதின்மூன்று ஆண்டுகளில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களில் பெண்கள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். மாணவியாகவே பத்தில் ஒருத்திதான் என்றால், பேராசிரியராக எத்தனை பேர்?

மையர் பிரஷ்ய அறிவியல் கழகத்தின் லைப்னிட்ஸ் பதிப்புப் பணியோடு தொடர்புகொண்டு 1936இல் ரோமுக்குப் போனார். அங்கேயே தங்கிவிட்டார். வத்திக்கான் நூலகத்தின் கையெழுத்துப் படிகள்தான் அதன்பின் அவர் உலகம். 1951இல் பேராசிரியர் என்ற பட்டம் வந்தது. 1954இல் மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் அறிவியல் உறுப்பினர் தகுதி வந்தது. 1971 டிசம்பரில் ரோமிலேயே இறந்தார்.

இந்த வாழ்க்கையில் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1940இல் வந்த அவருடைய முக்கியமான நூலை வெளியிட்டது ரோமின் சுக்காரி மாளிகையில் இருந்த ஜெர்மன் ஆய்வு நிறுவனம். அந்த நிறுவனத்துக்கு மாளிகையையும் நூல்களையும் விட்டுச் சென்றவர் ஹென்ரியெட்டே ஹெர்ட்ஸ் என்ற யூதப் பெண். அவர் பெயரால்தான் அது ‘ஹெர்ட்ஸியானா நூலகம்’ என்று வழங்கியது. நாஜிகள் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். போருக்குப் பிறகே அது திரும்பி வந்தது. ஆக, ஒரு பெண் விட்டுச்சென்ற வீட்டில், அவள் பெயர் அழிக்கப்பட்டிருந்த காலத்தில், இன்னொரு பெண்ணின் புத்தகம் அச்சேறியது. மையரை வெறும் பாதிக்கப்பட்டவராக மட்டும் காட்ட நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். விளிம்பு என்பது எல்லாருக்கும் ஒரே தூரத்தில் இருப்பதல்ல. அதே வத்திக்கான் நூலகத்தில் அரபுக் கையெழுத்துப் படிகளை அட்டவணைப்படுத்திக்கொண்டிருந்தார் ஜார்ஜோ லெவி தெல்லா வீதா. முசோலினி அரசுக்கு உறுதிமொழி எடுக்க மறுத்து 1931இல் பேராசிரியர் பதவியை இழந்த அவர், யூதர் என்பதால் 1939இல் இத்தாலியைவிட்டே போக வேண்டியிருந்தது. மையர் ரோமிலேயே இருந்து எழுத முடிந்தது.

கல்லை எறிந்த கை

இனி அவர் எழுதியதற்கு வருவோம். ஒரு கல்லை எறிகிறோம். கை அதை விட்டுவிட்ட பிறகும் கல் போகிறதே, எது அதைத் தள்ளுகிறது? சுற்றியுள்ள காற்று என்றார் அரிஸ்டாட்டில். 14ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ஜான் புரிடான் அதை மறுத்தார். எறிபவர் கல்லுக்குள் ஓர் ஆற்றலைப் பதித்து அனுப்புகிறார். வேகமும் பருப்பொருளும் கூடக் கூட அந்த ஆற்றலும் கூடும் என்றார். அதற்கு இம்பெடஸ் என்று பெயர்.

பள்ளியில் இயற்பியல் படித்த எவருக்கும் இதைக் கேட்டதும் நிலைமமும் உந்தமும் நினைவுக்கு வரும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் துஹேமுக்கும் அப்படித்தான் தோன்றியது. 1913இல் வந்த தன் நூலொன்றின் துணைத் தலைப்பிலேயே பாரிஸ் அறிஞர்களைக் கலிலியோவின் முன்னோடிகள் என்று அறிவித்தார். இடைக்காலம் இருண்ட காலம் என்ற கதையை உடைத்தது அவருடைய பெரிய பங்களிப்பு. ஆனால் உடைத்த இடத்தில் இன்னொரு கதையை வைத்தார்: புரிடானிலிருந்து கலிலியோ, கலிலியோவிலிருந்து நியூட்டன் என்று ஒரு வம்சாவளி.

மையர் கையெழுத்துப் படிகளுக்குத் திரும்பிப் போனார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: புரிடான் தன் கேள்விக்குத்தானே பதில் சொன்னார், கலிலியோவின் கேள்விக்கா? இயங்கும் எதையும் ஏதோ ஒன்று இயக்கியாக வேண்டும் என்ற அரிஸ்டாட்டிலின் விதியைப் புரிடான் கைவிடவில்லை. வெளியே இருந்த காரணத்தைக் கல்லுக்குள் கொண்டுபோய் வைத்தார், அவ்வளவுதான். நிலைமக் கருத்தோ, சீராக இயங்கும் பொருள் தொடர்ந்து இயங்கக் காரணமே வேண்டாம் என்கிறது. ஒன்று காரணத்தைக் கண்டுபிடிக்கிறது, மற்றொன்று காரணம் தேடுவதையே நிறுத்துகிறது. தோற்றத்தில் இரண்டும் அக்காள் தங்கை போல, உள்ளே எதிரெதிர்.

இப்படியே இன்னொன்று. ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்களும் பாரிஸின் நிகோல் ஒரேமும் வெப்பம், வெண்மை, அன்பு போன்ற பண்புகள் கூடுவதையும் குறைவதையும் கணக்காக்கினார்கள். ஒரேம் அவற்றுக்கு வடிவம் வரைந்தார். வரைபடம் வந்துவிட்டது, இனி அறிவியல்தான் என்று சொல்லத் தோன்றும். மையர் சுட்டிக்காட்டியது: இவ்வளவு கணக்குப் போட்டவர்கள் எதையும் அளக்கவில்லை. ஏன்? கருவி இல்லாததால் மட்டுமல்ல. துல்லியமான அளவு மனிதனுக்குக் கிட்டாது, அது கடவுளுக்கே உரியது என்று அவர்கள் நம்பினார்கள். தோராயம் போதும் என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் புதிய அறிவியல் பிறக்க முடிந்தது. துல்லியத்தின் மீதான அதீத மரியாதையே துல்லிய அறிவியலுக்குத் தடையாக இருந்தது என்ற இந்த வாதத்தை அவருடைய சிந்தனையின் உச்சமாகக் கருதுகிறேன்.

பட்டியல் போடும் வேலை

இந்த முடிவுகளுக்கு அவர் வந்த வழியைப் பார்க்க வேண்டும். 1952இல் வத்திக்கான் நூலகத்தின் போர்கேசே தொகுதிக் கையெழுத்துப் படிகளுக்கு அவர் தயாரித்த விவர அட்டவணை வெளிவந்தது. முதல் ஏடு இல்லாத படி, ஆசிரியர் பெயர் இல்லாத படி, ஒருவர் உரையோடு இன்னொருவர் உரையைச் சேர்த்துக் கட்டிய படி. ஒவ்வொன்றையும் பிரித்து, கையெழுத்தைப் பார்த்து, இது யாருடையது, எப்போதையது என்று எழுதும் வேலை.

தமிழ்த் துறைகளில் இருப்பவர்களுக்கு இந்த வேலையின் மதிப்பு என்ன என்று சொல்லத் தேவையில்லை. சொல்லடைவு, பொருளடைவு, நூலடைவு என்றால் ‘உதவி’ என்று பெயர். அவற்றை வைத்து எழுதப்படும் கட்டுரைக்குத்தான் ‘ஆய்வு’ என்று பெயர். நான் வேலை பார்த்த துறையொன்றில் தரச்சான்றுக் குழு வரும்போதெல்லாம் கோப்புகளைத் தயாரித்தது பெண்கள். குழுவின் முன் எழுந்து துறையின் சாதனைகளைப் பேசியது ஆண்கள். மையரிடம் இந்தப் பிரிவினை உடைந்துபோகிறது. துஹேமுக்கான அவருடைய மறுப்பு அட்டவணை வேலையின் பொறுமையிலிருந்தே வருகிறது. ஒரு பத்தியை மட்டும் பிடுங்கி எடுத்தால் புரிடான் நியூட்டனைப் போலத் தெரிவார். அதற்கு முந்திய ஏட்டையும் பிந்திய ஏட்டையும் சேர்த்துப் படித்தவருக்கே அவர் புரிடானாகத் தெரிவார்.

அங்கீகாரம் வரவில்லை என்று சொல்ல முடியாது. அறிவியல் வரலாற்றுத் துறையின் உயரிய விருதான சார்ட்டன் பதக்கம் 1966இல் அவருக்குக் கிடைத்தது. அதற்குமுன் அதைப் பெற்ற ஒரே பெண் டோரதியா சிங்கர். 1956இல் கணவர் சார்லஸ் சிங்கருடன் சேர்ந்து பெற்றார். தனியாகப் பெற்ற முதல் பெண் மையர். ஆனால் இன்னொன்றும் உண்டு. ‘17ஆம் நூற்றாண்டில் உலகப் பார்வை இயந்திரமயமாதல்’ என்ற அவருடைய நூல் 1938இல் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து டச்சு அறிஞர் டைக்ஸ்டர்ஹாய்ஸ் ‘உலகப் பார்வையின் இயந்திரமயமாக்கம்’ என்ற பெருநூலை எழுதினார். இன்று அந்தத் தொடரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது அவர் பெயர்தான். சார்ட்டன் பதக்கமும் மையருக்கு நான்கு ஆண்டுகள் முன்பே அவருக்கு வந்தது. திருட்டு என்று சொல்லவில்லை. அவருடைய நூலின் வீச்சு வேறு. விரிந்த கதை சொல்பவருக்குப் பெயர் நிற்கிறது. கதையின் மூட்டுகளைச் சோதிப்பவருக்கு அடிக்குறிப்பு கிடைக்கிறது.

அவரோடு சேர்ந்தும் விலகியும்

மையரை வாசிப்பது சுலபமல்ல. வாதம் நூலிழையாகப் போகும், இளைப்பாற இடமிராது. அவருடைய பார்வைக்கு எல்லையும் உண்டு. கருத்துகள் கருத்துகளோடு மட்டுமே பேசிக்கொள்கின்றன. அந்தப் பாரிஸிலும் ஆக்ஸ்போர்டிலும் வகுப்பறைக்குள் பெண் நுழைய முடியாது என்பது அவர் எழுத்தில் ஒரு கேள்வியாக எழவில்லை. அதே இயந்திரமயமாதலை, பூமியைத் தாயாகக் கண்ட பார்வை செத்துப்போன கதையாக 1980இல் எழுதினார் கரோலின் மெர்ச்சன்ட். வந்தனா சிவா 1988இல் அதை இந்தியக் காடுகளுக்கும் வயல்களுக்கும் கொண்டுவந்தார். யார் பயன்பெற்றார்கள், யார் இழந்தார்கள் என்ற கேள்விகளை இவர்களிடம்தான் கற்றோம்; மையரிடம் அவை இல்லை.

ஆனால் இவர்களிடம் குறைவாகவும் மையரிடம் நிறைவாகவும் இருப்பது ஒன்று உண்டு: பழைய பிரதியை நம் தேவைக்கு வளைக்க மறுக்கும் பிடிவாதம். இயந்திரத்துக்கு முந்திய காலம் முழுவதும் தாய்மையின் காலம் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். அந்தக் காலத்தின் பிரதிகளில் உட்கார்ந்த ஒருத்தி, அது அத்தனை எளிதல்ல என்கிறாள். அதையும் கேட்க வேண்டும்.

முன்னோடி என்பது வம்சத்தின் சொல். தந்தை யார், மகன் யார், சொத்து யாருக்கு என்று கேட்கும் சொல். பழைய நூலில் இன்றைய அறிவியலைக் கண்டுபிடித்துப் பெருமைப்படும் நம் மேடைகளுக்கு அது மிகவும் பிடித்த சொல். பெண்ணியமும் ‘தந்தை’ இருந்த இடத்தில் ‘தாய்’ என்று மாற்றி எழுதி அதே மரத்தை வரைந்துகொண்டிருக்கக் கூடாது. ஒரு பெண் நமக்கு முன்னால் நம்மைப் போலவே ஏதோ சொல்லிவிட்டாள் என்பதால் மட்டும் அவள் முக்கியமானவள் என்றால், நம்மைப் போல இல்லாத பெண்களை என்ன செய்வது? பக்தியின் மொழியில் பேசியவளை, சாதிக்குள் நின்று பேசியவளை, நமக்குப் பிடிக்காத பதிலைச் சொன்னவளை? அவர்களுடைய கேள்வி என்னவாக இருந்தது என்று முதலில் கேட்கும் வாசிப்பு நமக்கு வேண்டும்.

மையர் பெயரில் ஹும்போல்ட் அறக்கட்டளை பின்னாளில் ஒரு விருதை ஏற்படுத்தியது. நல்லதுதான். ஆனால் எனக்கு வேண்டியது அவருடைய முறை. அடுத்த முறை ஏதாவது ஒரு பழம்பாட்டில் ‘அன்றே பெண்ணியம்’ என்று எழுதக் கை பரபரக்கும்போது, அதற்கு முந்திய ஏட்டையும் பிந்திய ஏட்டையும் புரட்டிவிட்டு எழுதலாம்.