சக்கர நாற்காலிப் படம் போட்ட இடம் யாருக்கு?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வரை வண்டியில் போனால் வழிநெடுக வாகனத் தொழில்தான். ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு எல்லாம் அந்தப் பக்கம்தான். அவற்றுக்கு உதிரிபாகம் அடித்துத் தரும் சிறு பட்டறைகளும் உண்டு. இந்தத் தொழிலாளர்களை நம்பி எழும்பிய மருத்துவமனை, வங்கி, கல்யாண மண்டபங்களின் வாசலில் இப்போது தரையில் சக்கர நாற்காலிப் படம் வரைந்து ஒரு கட்டம் ஒதுக்குகிறார்கள். அங்கே யார் வண்டி நிற்கலாம் என்று காவலாளியைக் கேட்டால், ‘மாற்றுத்திறனாளி காருக்கு’ என்பார். சில இடங்களில் அந்தக் கட்டத்தில் ஜெனரேட்டர் நிற்கும்.

‘காருக்கு’ என்ற சொல்லில்தான் சிக்கல் தொடங்குகிறது. தமிழக அரசு கால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பது இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். வாலாஜாபாத் வட்டாரத்தில் நடக்க முடியாத ஒருவர் தானே ஓட்டிக்கொண்டு வருகிறார் என்றால் பெரும்பாலும் அந்த ஸ்கூட்டரில்தான் வருவார். அந்த வண்டிக்கு பைக் ஸ்டாண்டில் இடமில்லை. ஹேண்டிலோடு ஹேண்டில் உரச அடுக்கிய பைக்குகளுக்கு நடுவே பக்கச் சக்கரத்தை நுழைக்க முடியாது. எப்படியோ நுழைத்துவிட்டாலும் ஊன்றுகோலை ஊன்ற இடைவெளி வேண்டும். ஒரு தனியார் மருத்துவமனையில் ஒருவர் தன் ஸ்கூட்டரைப் படம் போட்ட கட்டத்தில் நிறுத்தப் போனார். ‘இது கார் பார்க்கிங் அண்ணே, டூ வீலர் பின்னாடி’ என்று காவலாளி திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன். பின்னாடி என்றால் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், தரையெல்லாம் ஜல்லி. அவர் வாதாடவில்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த மதியம் முழுவதும் அந்தக் கட்டத்தில் ஒரு வண்டியும் நிற்கவில்லை.

இந்தியாவில் இந்த உரிமை எங்கிருந்து வருகிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முந்தைய 1995 சட்டத்தில் ஏழு வகையாக இருந்த குறைபாடுகள் இதில் இருபத்தொன்று ஆயின. வேலை ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்பு உண்டு. ஆனால் கட்டடங்களையும் போக்குவரத்தையும் எளிதில் அணுகும்படி செய்யச் சொல்லும் பிரிவுகள் இந்த வரம்பைக் கேட்பதில்லை. அவை மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் பொது. பேருந்து நிலையம், ரயில் நிலையங்களில் வாகனம் நிறுத்துமிடத்தைப் பற்றியும் 41-ஆவது பிரிவு பேசுகிறது. மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் அளவையும் சொல்கின்றன: கட்டட வாசலிலிருந்து 30 மீட்டருக்குள், 3.6 மீட்டர் அகலம். கார்க் கதவை முழுதாகத் திறந்து, பக்கத்தில் சக்கர நாற்காலியை விரித்து, இருக்கையிலிருந்து கையூன்றி அதற்கு மாற அந்தக் கூடுதல் அகலம் தேவை.

சட்டம் கேட்காத சதவீதத்தை நடைமுறை கேட்கிறது. அட்டையைக் காட்டு, எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். தனித்துவ அடையாள அட்டையில் வெள்ளை, மஞ்சள், நீலம் என்று நிறப்பட்டை சதவீதத்தைக் காட்டும். அதைப் பார்த்தே மனிதரை அளந்துவிடுகிறார்கள்.

இந்தத் தொழிற்பட்டையில் அந்த அளவுகோல் எவ்வளவு தவறிப்போகும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். பவர் பிரஸ்ஸில் வேலை செய்பவர்கள் இழப்பது விரல்களை. ஈ.எஸ்.ஐ. அட்டவணைப்படி ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் சம்பாதிக்கும் திறனில் 50 சதவீத இழப்பு, கட்டைவிரல் மட்டும் போனால் 30. அது இழப்பீட்டுக்கான கணக்கு, அடையாள அட்டைக்கு மருத்துவக் குழு தனியாக அளக்கும். எந்தக் கணக்கானாலும், விரல்களை இழந்தவருக்கு இழப்பீடும் வேறு வேலையும் உடனே கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அவரால் வாசல் வரை நடக்க முடியும். மூச்சு வாங்கி இருபது அடிக்கு ஒருமுறை நிற்கும் நுரையீரல் நோயாளியின் கையில் அட்டையே இருக்காது, ஏனென்றால் அந்த நோய் இருபத்தொன்றில் இல்லை. வாசலோரக் கட்டம் இவர்களில் யாருக்கு அதிகம் தேவை?

இலங்கை இந்தக் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. அங்கே 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டத்தில் சதவீதமே கிடையாது. உடல் அல்லது உள ஆற்றலில் உள்ள குறைபாட்டால் தன் வாழ்வின் தேவைகளை முழுதாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள இயலாதவர் என்பதே வரையறை. எதை இழந்தார் என்பதை விட எதைச் செய்ய முடியவில்லை என்பதை அது பார்க்கிறது.

மக்கள் கணக்கெடுப்பிலும் அந்தப் பார்வை தெரிகிறது. இந்தியா 2011-இல் எந்த வகை ஊனம் என்று கேட்டது, 2.21 சதவீதம் பேர் கணக்கில் வந்தார்கள். இலங்கை 2012-இல் பார்க்க, கேட்க, நடக்க, நினைவில் வைத்துக்கொள்ளச் சிரமம் உண்டா என்று கேட்டது. ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதம் பேர், பதினாறு லட்சத்துக்கும் மேல், உண்டு என்றார்கள். போரின் காயம் அதில் ஒரு பங்கு. ஆனால் பெரிய வித்தியாசம் கேட்ட கேள்வியில்தான் இருக்கிறது.

2006 அக்டோபரில் இலங்கை அரசு அணுகல் ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. இருக்கும் பொதுக் கட்டடங்களை மூன்று ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்றது. பிறகு அந்தக் காலக்கெடு நீண்டுபோனது. அஜித் பெரேரா என்பவர் சும்மா இருக்கவில்லை. வேதியியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992-இல் அவர் சென்ற கார் மீது மரம் விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே அதுவே உச்ச நீதிமன்றம். 2011 ஏப்ரல் 27-இல், புதிய பொதுக் கட்டடங்கள் ஒழுங்குவிதிகளின்படியே இருக்க வேண்டும், மீறினால் தண்டனை என்று உத்தரவு பெற்றார்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு தனிமனிதர் தேவைப்பட்டார். பார்வைத்திறன் குறைந்த ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8-இல்தான் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான குறையைச் சுட்டியது: அணுகல் விதி வெறும் பரிந்துரையாக இருக்கிறது, கட்டாயமாக்க வேண்டும். கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இரு நாட்டு நீதிமன்றங்களும் சொல்லிவிட்டன. கட்டத்தில் யார் நிற்கலாம் என்பதைச் சட்டென்று தெரிவிக்க இந்தியா முழுவதற்கும் பொதுவான ஓர் அனுமதி அட்டை இன்னும் இல்லை. ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும் படத்தை யாரும் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். இலங்கையின் 1996 சட்டத்தில் அப்படியோர் அட்டை பற்றிய பேச்சே இல்லை.

சதவீதமும் கேட்காமல் அட்டையும் தராமல் விட்டால் என்ன நடக்கும்? யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால் செய்து கொடுக்கிறது. கால்சட்டைக்குள் அந்தக் கால் வெளியே தெரியாது. கண்ணுக்குத் தெரியாததை நிரூபிக்க மனிதர் கால்சட்டையை மடித்துக் காட்ட வேண்டியிருந்தால், சட்டத்தின் வரையறை எவ்வளவு தாராளமாக இருந்தும் பயனில்லை. அட்டை வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

லண்டன் தமிழர்களுக்குப் பழக்கமான ‘புளூ பேட்ஜ்’ என்ற வாகன நிறுத்த அட்டை முறையில் இரண்டு நல்ல அம்சங்கள் உண்டு. அது வண்டிக்கு அல்ல, ஆளுக்கு. வாடகைக் காரில் வந்தாலும் செல்லும், அட்டைக்காரர் வராமல் மகன் மட்டும் வந்தால் செல்லாது. முறைகேடாகப் பயன்படுத்தினால் ஆயிரம் பவுண்டு வரை அபராதம். இரண்டாவது, 50 மீட்டருக்கு மேல் நடக்க முடியுமா என்பது அங்கே முக்கியமான அளவு. இங்கிலாந்தில் 2019 ஆகஸ்ட் முதல், வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆட்டோவில் வந்து இறங்குபவர்களே அதிகமாக உள்ள நம் இரு நாடுகளுக்கும் ஆளுக்கு அட்டை என்பதுதான் பொருந்தும்.

பொய்ச் சான்றிதழ் பெருகும் என்பார்கள். சதவீதச் சான்றிதழையும் மருத்துவர்தான் தருகிறார். அவர்மேல் வைக்கும் நம்பிக்கையை ‘துணையின்றி 50 மீட்டர் நடக்க இயலாது’ என்ற ஒரு வரிக்கும் வைக்கலாம். கால் முறிந்தவருக்கும் கீமோதெரபி எடுப்பவருக்கும் ஆறு மாத அட்டை போதும். முதுமை மட்டுமே தகுதியாகாது, மூட்டுவலியால் நடக்க முடியாத முதியவருக்கு உண்டு. கர்ப்பிணிகளுக்கு வேறு இடம் ஒதுக்கட்டும், இதைப் பங்கு போட வேண்டாம்.

எதைச் செய்ய முடியவில்லை என்ற இலங்கையின் கேள்வி சரி. இந்தியாவிடம் இருக்கும் மருத்துவக் குழுவும் அட்டை தரும் ஏற்பாடும் சரி. அந்தக் கேள்வியை இந்த ஏற்பாட்டின் வழியாகக் கேட்டால் போதும். தமிழக மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இதை ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பார்க்கலாம், வண்டி செய்யும் காஞ்சிபுரம் மாவட்டமே அதற்குப் பொருத்தம். அதுவரை, ஒரகடம் சாலையில் கட்டடம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பக்கச் சக்கர ஸ்கூட்டரை அந்தக் கட்டத்தில் நிறுத்தவிடும்படி உங்கள் காவலாளியிடம் இன்றே சொல்லுங்கள், ஜெனரேட்டரை வேறிடத்துக்கு மாற்றுங்கள். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.