கேட்காமல் விட்ட கேள்வி

செஷன்ஸ் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்யும் தேர்ந்த வக்கீல் பெரும்பாலும் குரலை உயர்த்துவதில்லை (மேசையைத் தட்டுவதெல்லாம் சினிமாவில்). "எதிரி அரிவாளோடு வந்ததாகப் போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்லவில்லை" என்று சாதாரணமாகக் கேட்பார். "சொன்னேன்" என்பார் அரசுத் தரப்பு முதல் சாட்சி, அதாவது அ.சா.1. வக்கீல் மல்லுக்கு நிற்காமல் அடுத்ததற்குப் போய்விடுவார். பிறகொரு நாள் புலனாய்வு அதிகாரி கூண்டேறும்போது அதே கேள்வி அவரிடம் போகும். "அ.சா.1 என்னிடம் அவ்வாறு கூறவில்லை என்றால் சரிதான்" என்று தட்டச்சில் ஏறும். முரண் பதிவாகிவிட்டது. முதல் சாட்சியிடமே "ஏன் சொல்லவில்லை?" என்று கிளறியிருந்தால் அவர் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பார். கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைத்தான் நான் ரசிப்பேன்.

சிவிலில் சுவை வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 2002 திருத்தத்துக்குப் பின் முதல் விசாரணை பிரமாண வாக்குமூலமாகவே தாக்கலாகிறது. வக்கீல் எழுதிக்கொடுத்த வழவழப்பான நடை. குறுக்கு விசாரணையில்தான் சாட்சியின் சொந்தக் குரல் கேட்கும். "நான்கு எல்லைகளைச் சொல்லுங்கள்" என்றால் போதும், பரம்பரை நிலம் என்றவர் வடக்கே யார் என்று யோசிக்கத் தொடங்குவார். பட்டா, கிரயப் பத்திரம், வரி ரசீதெல்லாம் அப்புறம்.

முடிவில் அந்தச் சம்பிரதாயக் கேள்வி: "நீங்கள் பொய் சாட்சி சொல்கிறீர்கள்." அதற்கு ஆமாம் என்றவரை நான் பார்த்ததில்லை.