நூலக அறிவிப்புகளின் காட்சி வடிவமைப்பு: ஒரு விமர்சனம்

சுவரொட்டி, துண்டறிக்கை, பெயர்ப்பலகை ஆகியவற்றில் எழுத்து, நிறம், படம், வெற்றிடம் ஆகியவற்றை வாசகருக்கு எளிதில் புரியும்படி ஒழுங்குபடுத்துவதே நூலக அறிவிப்பின் காட்சி வடிவமைப்பாகும். தமிழ்நாட்டுப் பொது நூலகங்களின் அறிவிப்புகளில் பரவலாகக் காணப்படும் குறை, அழகின்மை அன்று. செய்திகளின் வரிசை பிழைபட்டிருப்பதே.

அளவுகோல்

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதாகும். இவ்விதி புத்தக அலமாரிக்கும் அட்டவணைக்கும் மட்டும் உரியதாகக் கருதப்படுகிறது. நூலகத்துக்கு வெளியே ஒட்டப்படும் தாளுக்கும் இது பொருந்தும்.

யாருடைய பெயர் பெரியது?

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா கொண்டாடப்படுகிறது. இதற்கான அறிவிப்புகள் பல, திருமணப் பத்திரிகையின் மரியாதை வரிசையைப் பின்பற்றுகின்றன. துறையின் பெயர், தலைமை வகிப்பவர், சிறப்பு விருந்தினர், அவர்களின் படங்கள் மேலே இடம்பெறும். நாள், நேரம், இடம் கடைசியில் சிறிய எழுத்தில் வரும். நூலகம் வாசகருக்கு என்ன தரும் என்பது பெரும்பாலும் இருப்பதில்லை.

விருந்தினர் பெயரை நூலகர் விட்டுவிட முடியாது என்பது நியாயமான மறுப்பு. அதற்குத் தீர்வு இரண்டு தாள்கள்: விருந்தினருக்கு அழைப்பிதழ், வாசகருக்குச் சுவரொட்டி. ஒரே தாள் இரண்டு வேலையையும் செய்ய முயல்வதே சிக்கலின் வேர்.

மீஞ்சூர்ச் சூழல்

மீஞ்சூர், சென்னை–கும்மிடிப்பூண்டி புறநகர் ரயில் தடத்தில் உள்ள பேரூராட்சி. எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பகுதிகளின் மின்நிலையங்களிலும் துறைமுகங்களிலும் ஷிப்டு முறையில் வேலை நடக்கிறது. இத்தகைய ஊரில் வாசகரின் முதல் கேள்வி, 'நான் வேலை முடிந்து வரும்போது நூலகம் திறந்திருக்குமா?' என்பதே. ஆகவே திறந்திருக்கும் நேரமும் விடுமுறை நாளும் சுவரொட்டியின் மிகப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்து இடம், அதற்குத் தெருப் பெயரைவிட, பலரும் அறிந்த அடையாளம் உதவும். ஆந்திர எல்லைக்கு அருகிலுள்ள பகுதி என்பதால், தெலுங்கில் ஒரு வரி சேர்ப்பதும் பயன்தரும்.

எழுத்தும் நிறமும்

10 அடி தூரத்திலிருந்து வசதியாகப் படிக்க எழுத்து 1 அங்குல உயரம் இருக்க வேண்டும் என்பது பலகைத் தொழிலில் வழங்கும் பொதுக் கணக்கு. தமிழில் 'கி', 'கீ' போன்றவற்றின் குறிகள் மேலேயும், 'கு', 'பூ' போன்றவற்றின் குறிகள் கீழேயும் நீளும். ஆங்கிலத்துக்கு அமைத்த வரி இடைவெளியை அப்படியே வைத்தால் வரிகள் ஒன்றோடொன்று உரசும். சுழிகள் நிறைந்த எழுத்துக்கு நிழலும் விளிம்புக்கோடும் சேர்த்தால் சுழிகள் அடைபடும். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டுமரம் எனும் பொருளில் பெயரிடப்பட்ட கேட்டமரன் போன்ற தெளிவான யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

வெயில்படும் சுவரில் வண்ண அச்சின் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும். எனவே முக்கியச் செய்தியை வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில் அச்சிடுவது நல்லது, செலவும் குறையும்.

மதிப்பீடு

1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. அதாவது, நூலகத்துக்குள் ஒருமுறைகூட நுழையாத குடும்பமும் அதற்குப் பணம் செலுத்தி வருகிறது. எப்போது வரலாம், எதை எடுத்துச் செல்லலாம் என்று அக்குடும்பத்துக்குச் சொல்லாத சுவரொட்டி, எவ்வளவு வண்ணமயமாக இருந்தாலும், தன் கடமையில் தவறியதே ஆகும்.